எம்.பி. சொன்ன அந்த விஷயம்

சேதிப்பூட்டு என்று ஒரு பிறவி உண்டு. விலங்கியல் புத்தகத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. மனிதர்களோடு மனிதராகக் கலந்து, சட்டை போட்டு, சங்கத்தில் சந்தா கட்டித் திரிவதால் அதைத் தனியாகப் பிரித்து எழுத எந்தப் பேராசிரியருக்கும் கை வரவில்லை. மேலே இருக்கும் ஒருவர், அமைச்சரோ எம்.பி.யோ பெரிய அதிகாரியோ, கீழே இருக்கும் ஊருக்குச் சொல்லச்சொல்லி ஒரு சேதி அனுப்புவார். நடுவழியில் அதை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கி, கண்ணில் ஒற்றி, வாயில் போட்டு விழுங்கிவிட்டு, வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிறவி அது. திருடாது. விற்காது. திரித்தும் சொல்லாது. சொல்லவே சொல்லாது. அவ்வளவுதான்.

அடையாளம் காண்பது சுலபம். பேசுமுன் இடமும் வலமும் பார்க்கும். தான் மட்டும் நிற்கிற லிஃப்டுக்குள்ளும் பார்க்கும். "மேலே பேசிட்டேன்" என்று சொல்லும்போது அதன் கண் கூரைக்குப் போகும். "ஒரு விஷயம் இருக்கு" என்று தொடங்கி "ஆனா இப்ப வேணாம்" என்று முடிக்கும். நடுவில் ஒன்றும் இராது. காலையில் எல்லார் வீட்டு வாசலிலும் விழுந்த பேப்பரின் தலைப்புச் செய்தியைப் பற்றிக் கேட்டால்கூட, "அதிகாரபூர்வமா வரட்டும்" என்று கையைக் கட்டும்.

பார்த்திருக்கிறீர்கள்தானே? கோயில் நிர்வாகத்தில் ஒன்று இருக்கும். பள்ளிப் பெற்றோர் சங்கத்தில் ஒன்று. தேக்கா சந்தையில் மீன் வாங்கப் போனால், பெருக்கித் தள்ளின ஐஸுக்குப் பக்கத்தில் நின்று, நாளைக்கு என்ன மீன் வரும் என்பது தனக்கு மட்டும் தெரிந்ததைப் போல ஒன்று முறைத்துக்கொண்டிருக்கும். ஆனால் அந்த இனத்தின் சிகரம், எண்பதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூரின் பிடோக் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடியின் நான்காவது மாடியில் குடியிருந்தது. அதன் பெயர் அற்புதராஜ்.

பகலில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் அவர் தலைமை எழுத்தர். மாலையில், அந்த புளோக்கின் குடியிருப்பாளர் குழுவுக்குச் செயலாளர். பகல் வேலைக்குச் சம்பளம் உண்டு, மாலை வேலைக்குக் கிடையாது. ஆனால் எந்த வேலைக்குச் சட்டையை இஸ்திரி போட்டார் என்று அவர் மனைவி பிரிஜட்டைக் கேட்டால் சொல்லுவாள். எம்.பி. அலுவலகத்திலிருந்து வருகிற சுற்றறிக்கை, தொலைபேசிச் சேதி, வாழ்த்து, எச்சரிக்கை எல்லாம் அவர் வழியாகத்தான் குடியிருப்பாளருக்குப் போக வேண்டும். அவர் வரைக்கும் ஒழுங்காகப் போய்க்கொண்டுதான் இருந்தன.

புளோக்குக்குக் கீழே, தூண்கள் மட்டும் நிற்கும் திறந்த தளத்தில், கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. அதைப் போல ஒரு பலகையைச் சிங்கப்பூர் அதற்கு முன் கண்டதில்லை. அற்புதராஜ் அந்தக் கண்ணாடியை நாள்தோறும் துடைப்பார். அவர் துடைத்த துடைப்பில், கண்ணாடி இருப்பதே தெரியாமல் மைனாக்கள் வந்து மோதி மயங்கி விழுந்தன. மாடிக்கு ஏறுமுன் பெண்கள் அதில் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டார்கள். உள்ளே விளக்கு உண்டு. வரிசையாக அறிவிப்புகள் உண்டு. ஒவ்வொன்றும் நாலு மூலையிலும் ஊசி குத்தி, ஒரு சுருக்கம் இல்லாமல், எழுத்துப் பக்கம் பலகையைப் பார்க்க, வெள்ளைப் பக்கம் மக்களைப் பார்க்க மாட்டப்பட்டிருக்கும்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற துரைசாமி ஒருநாள் கேட்டே விட்டார்.

"என்னா ராஜு, எல்லாத்தையும் திருப்பி மாட்டியிருக்கே?"

"கண்ணாடி போட்டிருக்கு. லைட்டு போட்டிருக்கு. யாரு வேணும்னாலும் வந்து பாக்கலாம். இதுக்கு மேல வெளிப்படை எங்கண்ணே இருக்கு?"

"பாக்குறோம் லா. படிக்க வேணாமா?"

"படிக்கத் தெரிஞ்சவன் முதல்ல தெரிஞ்சுக்குவான். படிக்கத் தெரியாத பாட்டிங்க கதி என்னா? ஒருத்தருக்குத் தெரிஞ்சு ஒருத்தருக்குத் தெரியாம இருக்குறது நியாயமா? யாருக்குமே தெரியலேன்னா அங்க பேதம் இல்லை."

துரைசாமி கோப்பிக் கடைக்குப் போய்விட்டார். நீங்களாக இருந்தால் மட்டும் என்ன சொல்லியிருப்பீர்கள்?

இப்படித்தான் ஒரு சனிக்கிழமை தண்ணீர் நின்றது. நிற்கும் என்ற அறிவிப்பு ஒரு வாரமாகப் பலகையில் வெள்ளைப் பக்கம் காட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. புளோக் முழுக்கத் தலையில் ஷாம்பூவோடு வாசலுக்கு வந்து நின்றது. நான்காவது மாடியிலும் ஒருவர் கண்ணை இறுக மூடி, காது வரை நுரையோடு, துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர்தான் அற்புதராஜ். ரகசியம் என்றால் தனக்கும் சேர்த்துத்தான் ரகசியம். தெரிந்ததை வைத்துத் தான் மட்டும் வாளியில் நிரப்பிக்கொள்வது பதவிக்கு அழகல்ல என்று பிரிஜட்டிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறார். "தண்ணி எப்பண்ணே வரும்?" என்று எதிர்வீட்டில் கேட்டதற்கு, வாய்க்குள் போன நுரையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "நேரம் தெரியும். உரிய நேரத்துல சொல்றேன்."

நேர்மையில்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன். ஏழாவது மாடியில் சந்திரமதி என்று ஒரு விதவை. ஒரே மகள். அந்த மகளுக்கு ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காத்தோங் செண்பக விநாயகர் கோயிலில் தாலி கட்டு. முடிந்ததும் புளோக்குக்குக் கீழே வாழை இலை போட்டு விருந்து. இரண்டாவது மாடியில் இப்ராஹீம் பாய். தேக்காவில் ஆட்டிறைச்சிக் கடை. மகனுக்கு நிக்காஹ். புளோக்குக்குக் கீழே பிரியாணி விருந்து. நாள்? அதே ஞாயிறு. இடம்? அதே இடம். இரண்டு விண்ணப்பங்களையும் ஒன்றாகப் பார்த்த வீடமைப்பு அலுவலகக்காரருக்குத் தலை சுற்றி, "உங்கள் எம்.பி. முடிவு செய்யட்டும்" என்று கைகழுவிவிட்டார்.

எம்.பி. முடிவு செய்தார். செய்து, குழு அறைக்குத் தொலைபேசினார்.

அந்தத் தொலைபேசியின் டயலில் அற்புதராஜ் ஒரு பூட்டு போட்டு வைத்திருந்தார், குடியிருப்பாளர் எவராவது எம்.பி.யை நேராகக் கூப்பிட்டுப் பேசிவிட்டால் ஒழுங்கு என்ன ஆவது என்று. மணி அடித்ததும் எழுந்து நின்று எடுத்தார். "யெஸ் சார்" என்றார். இன்னும் சில யெஸ் சார். இடம் யாருக்கு, ஏன், மற்றவருக்கு என்ன மாற்று ஏற்பாடு எல்லாவற்றையும் எம்.பி. தெளிவாகச் சொல்லி, "இரண்டு குடும்பத்திடமும் உடனே சொல்லிவிடுங்கள் மிஸ்டர் ராஜ்" என்று வைத்துவிட்டார்.

அற்புதராஜ் வெளியே வந்தார். கீழே கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது: சேதி உள்ளே போய்விட்டது.

சந்திரமதி மாடிப்படியில் ஓடி வந்தாள்.

"அண்ணே, எம்.பி. பேசினாராமே?"

"பேசினாரு."

"எங்களுக்கா, பாய் வீட்டுக்கா?"

"அதைத்தான் சொல்லச் சொல்லியிருக்காரு."

"அப்பச் சொல்லுங்களேன்."

"எப்படிச் சொல்றது? உன்கிட்ட முதல்ல சொன்னா பாய் மனசு என்ன பாடுபடும்? பாய்கிட்ட முதல்ல சொன்னா நீ என்ன நினைப்பே? அரசாங்க விஷயம்னா நியாயம் இருக்கணும்ல?"

"ரெண்டு பேரையும் ஒண்ணா நிக்க வச்சுச் சொல்லுங்க."

"கிட்ட நிக்கிறவங்க காதுல முதல்ல விழும், தங்கச்சி. சத்தம் அப்படித்தான் போவும். அது சயின்ஸ்."

சந்திரமதி அழவில்லை, அழுவதற்கு அவளுக்கு நேரமில்லை. சிராங்கூன் ரோட்டில் சமையல்காரர், அடுப்பை எங்கே இறக்குவது என்று நாளுக்கு ஒரு தடவை ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். அழைப்பிதழில், 'விருந்து நடைபெறும் இடம் உரிய நேரத்தில் அறிவிக்கப்படும்' என்று அச்சடித்திருந்தார்கள். அதைப் படித்துவிட்டு, பாசிர் ரிஸ் பக்கமிருந்து மாப்பிள்ளையின் தாயார் சொல்லி அனுப்பினார்: "சாப்பாடு எங்கேன்னு தெரியாத கல்யாணத்துக்கு எங்க சொந்தக்காரங்க பஸ் ஏற மாட்டாங்க. கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முந்தியாவது சொல்லுங்க, இல்லேன்னா தை மாசம் பாத்துக்கலாம்." ஆவணியில் இருந்து தைக்குப் போன கல்யாணங்கள் என்னவாகும் என்பது சந்திரமதிக்குத் தெரியும். நடுவில் ஜோசியக்காரர்கள் இருக்கிறார்கள்.

இப்ராஹீம் பாயும் வந்து கேட்டுப் பார்த்தார். ஒரு கிலோ ஈரலோடு வந்தார். அற்புதராஜ் ஈரலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். லஞ்சம் வாங்க மாட்டார், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சேதியையும் கொடுக்க மாட்டார்.

ஊர் சும்மா இருக்குமா? அவர் முகத்தைப் படிக்கக் கிளம்பியது. காலையில் அவர் பஸ்ஸுக்கு நிற்கும்போது, இடது புருவம் ஏறினால் சந்திரமதிக்கு, வலது புருவம் ஏறினால் பாய்க்கு என்று வைத்துக்கொண்டார்கள். அன்றன்றைய புருவ நிலவரம் மதியத்துக்குள் தேக்கா வெற்றிலைக் கடைவரை போய்விடும். ஒருநாள் அவருக்கு வலது கண்ணில் தூசி விழ, பாய் கடையில் விருந்துக்கு ஆடு குறித்துவிட்டார்கள்.

ஆனால் அற்புதராஜுக்கு ஊர் ஒரு பயமே இல்லை. அவருடைய பயம் வேறே. அவருக்குத் தூக்கத்தில் பேசுகிற வியாதி உண்டு. போன வருடம் வட்டாரத்துக்கு அமைச்சர் வரப்போவதை அப்படித்தான் உளறி, விடிவதற்குள் அது பிரிஜட் வழியாக, மேல்மாடி அந்தோனியம்மாள் வழியாக, மாதா கோயில் பூசைக்கு வந்த அத்தனை பேருக்கும் போய்விட்டது. இப்போது பிரிஜட் தன் தலையணையை அவர் வாய்ப்பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டு படுக்கிறாள். சந்திரமதி அவளுக்கு உயிர்த்தோழி.

என்ன செய்வது? அற்புதராஜ் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். நினைத்தால்தானே உளறல் வரும்? நினைக்காமலே இருந்துவிட்டால்? எம்.பி. சொன்ன அந்த விஷயம் எப்போதெல்லாம் மனசில் தலை தூக்குகிறதோ, அப்போதெல்லாம் அதன் மேல் ஓர் 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லி அமுக்கிவிடுவது. கிடங்கில் மூட்டை எண்ணும்போது அமுக்கினார். பஸ்ஸில் அமுக்கினார். பல் துலக்கும்போது நுரைக்கு நடுவில் அமுக்கினார். தூக்கத்தில் அவர் வாயிலிருந்து செபம் மட்டுமே வர, பிரிஜட் ஏமாந்து, பாதித் தூக்கத்தில் சேர்ந்து பதில் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். பங்குச் சாமியாருக்குத் தெரிந்திருந்தால் மெடல் கொடுத்திருப்பார்.

பிரிஜட் விடவில்லை. காதால் ஆகாததைக் கரண்டியால் செய்தாள். அடுத்த நாள் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது, வெறும் சோற்றைப் போட்டு, குழம்புச் சட்டியைக் கொண்டுவந்து எதிரில் வைத்து, மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"என்ன குழம்பு?"

"குழம்பு இருக்கு."

"என்ன குழம்புன்னு கேட்டேன்."

"உரிய நேரத்துல சொல்றேங்க. உங்களுக்கு ஊத்திட்டா, பிள்ளைங்க மனசு என்ன பாடுபடும்? நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"மீன் குழம்பு வாசனை வருதே?"

"அதிகாரபூர்வமா வரட்டும்."

எத்தனை வேளைதான் வெறும் சோறு இறங்கும்? அற்புதராஜ் வளைந்து கொடுத்தார். வெள்ளிக்கிழமை மாலை, பொது இடத்தில், எல்லோர் முன்னிலையிலும், முழு வெளிப்படையோடும் நியாயத்தோடும் அந்த விஷயம் வெளியிடப்படும் என்று ஓர் அறிவிப்பு எழுதினார். எழுதிப் பலகையில் மாட்டினார். எந்தப் பக்கம் காட்டி மாட்டினார் என்று நான் சொல்ல வேண்டாம். பிரிஜட்தான் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள்.

புளோக்கே கீழே இறங்கி வந்தது. அற்புதராஜ் ஒரு முக்காலியைப் போட்டார். துரைசாமி அளவு நாடாவைப் பிடிக்க, முக்காலியிலிருந்து சந்திரமதி நிற்கும் இடமும் இப்ராஹீம் பாய் நிற்கும் இடமும் ஒரே தூரம் இருக்கும்படி சுண்ணக்கட்டியால் கோடு போட்டார்கள். அப்புறம்தான் பாய் மனைவி ரபியாவுக்கு ஞாபகம் வந்தது:

"இவுகளுக்கு இடது காது கொஞ்சம் மந்தம் லா."

பாயை ஒரு சாண் முன்னால் தள்ளினார்கள். சந்திரமதி உயரம் குறைவு, சத்தம் அவள் தலைக்கு மேலே போய்விடும் என்று யாரோ சொல்ல, அவளுக்கு ஒரு பலகை போட்டார்கள். மின்விசிறி காற்று பாய் பக்கம் வீசுவதால் சேதியும் அந்தப் பக்கம் சாயும் என்று துரைசாமி சந்தேகப்பட, விசிறியை நிறுத்தினார்கள். வியர்த்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மொத்த புளோக்கும் அவர் வாயையே பார்த்தது.

அற்புதராஜ் முக்காலியில் ஏறினார். தொண்டையைச் செருமினார். எம்.பி. சொன்ன அந்த விஷயத்தை மனசுக்குள் தேடினார். வாயைத் திறந்தார்.

"அருள் நிறைந்த மரியே வாழ்க…"

கூட்டத்திலிருந்த அந்தோனியம்மாள் பழக்க தோஷத்தில் மீதிப் பாதியைச் சத்தமாகச் சொல்லி முடித்து, சிலுவை போட்டுக்கொண்டார்.

அற்புதராஜ் முக்காலியில் காலை மாற்றி நின்றார். மறுபடி தேடினார். செபம்தான் வந்தது. இன்னும் ஆழமாகத் தேடினார். அங்கேயும் செபம்தான் இருந்தது. எம்.பி.யின் குரல் ஞாபகம் இருக்கிறது. 'மிஸ்டர் ராஜ்' என்றது ஞாபகம் இருக்கிறது. தான் சொன்ன யெஸ் சார்கள் ஒன்று விடாமல் இருக்கின்றன. நடுவில் இருந்த சேதியை அமுக்கி அமுக்கி, அது இருந்த இடமே சமதளமாகிவிட்டது. ஐயா, பூட்டு அப்படியே இருக்கிறது, பெட்டிதான் காலி!

யார் காப்பாற்றினார்கள் தெரியுமா? துரைசாமி.

"ஏப்பா, ஒரு மதத்துப் பிரார்த்தனை மட்டும் சொல்லி ஆரம்பிச்சா எப்படி? நியாயம் வேணாமா?" என்று கேட்டுவிட்டு, அவரே கண்ணை மூடி ஒரு தேவாரத்தை எடுத்தார். அவர் பாடினால் பதினோரு பாட்டும் பாடாமல் விட மாட்டார். பிறகு பாயின் மாமனார் ஓதினார். மூன்றாவது மாடிச் சீனப் பாட்டி ஊதுபத்தி கொளுத்தினார். யாரோ போய்ப் பக்கத்து புளோக்கிலிருந்து ஒரு சீக்கியரை அழைத்து வந்தார்கள். எல்லாம் முடிந்து எல்லோருக்கும் பசி எடுத்த நேரத்தில், அற்புதராஜ் முக்காலியிலிருந்தபடியே இரு கையும் கூப்பினார்.

"பிரார்த்தனை நல்லபடியா முடிஞ்சது. அந்த விஷயம் உரிய நேரத்துல வரும்."

முதன்முறையாக அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் கண் தரையைப் பார்த்தது. யாரும் கவனிக்கவில்லை.

மறு வாரம், எம்.பி. மக்களைச் சந்திக்கும் நாளில், அற்புதராஜ் வரிசையில் நின்றார். செயலாளர் என்றால் நேரே உள்ளே போகலாம். ஆனால் எதற்கு என்று கேட்பார்களே! மனு எழுதித் தரும் தொண்டர் செல்லக்கண்ணு அவரை உட்கார வைத்தார்.

"என்ன விஷயம்ணே?"

"சொல்லக்கூடாது."

"சொல்லாம நான் என்னத்த எழுதுறது?"

"எம்.பி.கிட்டதான் பேசணும்."

"எதைப் பத்தி?"

"அது தெரிஞ்சா நான் ஏன் வர்றேன்?" என்று வாய்வரை வந்ததை ஒரு செபத்தால் அமுக்கினார்.

செல்லக்கண்ணு, 'தனிப்பட்ட குடும்பப் பிரச்சினை' என்று எழுதி உள்ளே அனுப்பினார்.

எம்.பி. முகம் மலர்ந்து கை கொடுத்தார். அற்புதராஜ் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மறந்துவிட்டேன் என்று சொன்னால் பதவி போய்விடும். பதவிகூடப் போகட்டும், சேதியை வைத்திருக்கத் தெரியாதவன் என்ற பெயர்! அதைவிட நான்காவது மாடியிலிருந்து குதிக்கலாம்.

"சார், அந்த விஷயம்…"

"ஆமாம், அந்த விஷயம்" என்றார் எம்.பி.

"அப்படியேதானே சார்?"

"அப்படியேதான்."

"மாற்றம் ஒண்ணும்…"

"ஒன்றும் இல்லையே. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?"

"நீங்க சொன்னதுதான் சார் எனக்கும்."

"நல்லது. நானும் அதையேதான் நினைத்தேன்."

எம்.பி.யின் கண் மேசையிலிருந்து கூரைக்குப் போய், விசிறியை ஒரு சுற்றுச் சுற்றி, கதவில் வந்து நின்றது. அற்புதராஜுக்குச் சுருக்கென்றது. அந்தப் பார்வை அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு வாரமாகக் காலையில் முகம் மழிக்கும்போது எதிரில் இருக்கும் பார்வை அது. ஐயையோ, இவருக்கும் ஞாபகம் இல்லை!

இத்தனை நாள் கடந்ததில் அங்கே புளோக்கில் வேறொன்று நடந்துவிட்டது. பழுதாகி நின்ற லிஃப்டுக்குள் சந்திரமதியும் ரபியாவும் மாட்டிக்கொண்டார்கள். ஆள் வந்து திறக்கும்வரை சும்மா நிற்க முடியுமா?

"காலையில கோயில்ல தாலி கட்டு. மதியம் எங்க பந்தி முடிஞ்சிரும்" என்றாள் சந்திரமதி.

"எங்க விருந்து சாயங்காலம்தானே அக்கா" என்றாள் ரபியா.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ஒரே கூடாரம்."

"ஒரே மேசை நாற்காலி."

"வாடகை பாதி பாதி."

"அடிப் பாவி, இதுக்கா எம்.பி.?" என்று ரபியா சிரித்தாள்.

லிஃப்டு திறந்தபோது எல்லாம் முடிவாகியிருந்தது. பாசிர் ரிஸுக்கு அன்றே ஆள் போயிற்று. சமையல்காரர் அடுப்பு இறக்கும் தூணைத் தேர்ந்தெடுத்தார். விஷயம் புளோக் முழுக்கத் தெரிந்தது, ஒரே ஒருவரைத் தவிர. சனிக்கிழமை கூடாரம் ஏறுவதைப் பார்த்துத்தான் அற்புதராஜ் பதறிக்கொண்டு இறங்கி வந்தார்.

"யாருக்குக் கூடாரம்? யாரு சொல்லிப் போடுறீங்க?"

சந்திரமதி இடமும் வலமும் பார்த்தாள்.

"அதை இப்பச் சொல்லக்கூடாதுண்ணே."

"நான் செயலாளர் லா!"

"உங்ககிட்ட மட்டும் சொன்னா மத்த செயலாளருங்க மனசு என்ன பாடுபடும்?"

அந்த இரவும் மறுநாள் காலையும் அற்புதராஜ் பட்ட பாட்டை என்னவென்று சொல்ல? இவர்கள் செய்வது எம்.பி. சொன்னதா, சொன்னதற்கு எதிரானதா? தடுப்பதா, விடுவதா? தடுத்தால், எம்.பி. சொன்னது இதுவாகவே இருந்துவிட்டால்? மணப்பெண்ணை வாழ்த்த அட்சதையைக் கையில் எடுத்துக்கொண்டவர், அதைப் போடலாமா கூடாதா என்று தெரியாமல் கோயிலிலிருந்து பிடோக் வரை பொத்திக்கொண்டே வந்தார்.

வாழை இலைகளை எடுத்து, பிரியாணித் தேக்சாக்கள் இறங்குகிற நேரத்துக்கு எம்.பி.யே வந்துவிட்டார். சந்திரமதி மாலை போட்டாள். பாய் அத்தர் பூசினார். எம்.பி. இரண்டு ஜோடிகளையும் பார்த்தார். பாயசத்தையும் பிரியாணியையும் பார்த்தார். ஒரு தூணுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்ற அற்புதராஜைப் பார்த்தார். ஒலிவாங்கியைக் கையில் வாங்கினார்.

"உங்கள் செயலாளர் மூலம் நான் சொல்லி அனுப்பியதை, நீங்கள் எல்லோரும் ஒரு சொல் பிசகாமல் அப்படியே செய்திருக்கிறீர்கள். எனக்கு மிகவும் மகிழ்ச்சி."

கைதட்டல் கூடாரத்தைத் தூக்கியது. அற்புதராஜ் தூணைக் கட்டிக்கொண்டு அழுதார். பதவி பிழைத்தது, பெயர் பிழைத்தது. கண்ணைத் துடைத்தபோதுதான் அவருக்கு அடுத்த சந்தேகம் வந்தது. அப்படியென்றால், எம்.பி. சொல்லி அனுப்பியது என்ன?

பக்கத்திலிருந்த துரைசாமியைப் பார்த்தார். துரைசாமி, எல்லாம் முன்னமே தெரிந்த முகத்தோடு மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தார். இப்ராஹீம் பாய் தாடியை நீவி, "அதானே" என்றார். அந்தோனியம்மாளும் சீனப் பாட்டியும் ஒருவரைப் பார்த்து ஒருவர் கண்ணைச் சிமிட்டினார்கள். பக்கத்து புளோக்கிலிருந்து வந்த ஒருத்தி, "எம்.பி. அப்படி என்னாங்க சொல்லி அனுப்பினாரு?" என்று கேட்க, பிரிஜட் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "அதெல்லாம் கல்யாண வீட்டுல வச்சுப் பேசுற விஷயமா?"

அன்று முதல் அந்த விஷயம் தெரியாத ஆளே அந்த புளோக்கில் கிடையாது. அற்புதராஜைத் தவிர. பாவம், ஒவ்வொரு மாடியாக ஏறி, ஒவ்வொரு கதவாகத் தட்டி, "தம்பி, அன்னைக்கு எம்.பி. சொன்னது என்னான்னு சும்மா ஒரு வார்த்தை…" என்று கேட்டுப் பார்த்தார். கதவுகள் பாதி திறந்தன, தலைகள் இடமும் வலமும் பார்த்தன, கதவுகள் சாத்திக்கொண்டன. ஒரு புளோக்கையே சேதிப்பூட்டுகளாக மாற்றிவிட்ட பிறகு, ஒற்றைச் சேதிப்பூட்டுக்கு அங்கே என்ன வேலை? பதவியை விட்டுவிட்டார். கேட்டுக் கேட்டுப் பழகினதில், இப்போது அவர் ஊரிலேயே எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசுகிற மனிதராம். அவர் சொல்வதை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லையாம். எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்கிறவரை யார் கேட்பார்கள்?

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்துவிட்டு ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள். நேற்று வீட்டுக்கு ஒரு தொலைபேசி வந்ததே. முழுதாகப் பேசிவிட்டு வைத்தீர்களே. வீட்டில் அத்தனை பேரும் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு, "யாரு, என்ன?" என்று கேட்டார்களே. நீங்கள் என்ன சொன்னீர்கள்?

"ஒண்ணுமில்லை, சும்மா" என்றா?

அப்படியானால் ஒரு எட்டு பிடோக் பக்கம் போய்வாருங்கள். அந்தச் செயலாளர் பதவி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. இதுவரை எத்தனை பேர் மனுப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.